தவறான விடைக்குள் இருக்கும் பிள்ளை

‘இருபத்து மூன்று’ எழுதச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் சில பிள்ளைகள் சிலேட்டில் 203 என்று எழுதுவார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழகிய காட்சி. கவனக்குறைவு என்று நினைத்துக் குறுக்கே கோடு போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். காதில் முதலில் விழுந்தது இருபது, 20 எழுதியது. அடுத்து விழுந்தது மூன்று. பக்கத்தில் 3 போட்டது. கேட்டதைக் கேட்ட வரிசையில் ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறது. ‘அம்மா’ எழுதும்போது அப்படித்தானே செய்யச் சொன்னோம்?

எண்கள் அந்த ஒழுங்குக்குள் அடங்குவதில்லை. 23இல் இருக்கும் 2க்கு மதிப்பு இருபது. அதே 2 வலப்பக்கம் போய் 32 ஆகிவிட்டால் வெறும் இரண்டு. இடத்தை வைத்து மதிப்பைச் சொல்லும் இந்த முறைக்கு மனிதர்கள் வந்து சேரவே வெகுகாலம் ஆயிற்று. நம் பழைய எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. இருபத்து மூன்றை ௨௰௩ என்று எழுதினார்கள். இரண்டு, பத்து, மூன்று: சொல்வது போலவே எழுத்து. பிள்ளையின் 203 இதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது! பூஜ்யத்துக்கும் இடமதிப்புக்கும் முந்தைய ஒரு பெரிய கணக்கு மரபு யோசித்த விதத்தில்தான் அதுவும் யோசித்திருக்கிறது.

வாசிப்பிலும் இதே சிக்கல் காத்திருக்கிறது. ‘கொடி’ என்று சொல்லும்போது முதலில் ககர ஒலி, அதைத் தொடர்ந்து ஒகரம். எழுதினாலோ ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, க நடுவில் மாட்டிக்கொள்கிறது. இடமிருந்து வலமாக விரல் வைத்துப் போகும் பிள்ளை ‘கெ’ என்று சொல்லி நின்று, துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது. ஒரு குறி தனியாக எதையும் சொல்லிவிடாது. எங்கே நிற்கிறது, யாரோடு நிற்கிறது என்பதைப் பொறுத்தே அதற்கு ஓசையும் மதிப்பும் வருகின்றன. எண்ணும் எழுத்தும் ஆறு வயதில் சேர்ந்து வைக்கும் புதிர் இது. நாம் கடந்து வந்துவிட்டதால் அதன் கடினம் நமக்கு மறந்துவிட்டது.

இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் வாக்கியக் கணக்கு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை நான்காவது சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் நழுவிவிடும். கடைசியில் மிஞ்சுவது இரண்டு எண்கள் மட்டும். அதனால்தான், “கூட்டலா, கழித்தலா டீச்சர்?” என்று கேட்கிறது. கணக்கு வராத பிள்ளை என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். அதே கணக்கை வாய்ச்சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். புளியங்கொட்டையை நகர்த்தியே விடை சொல்லிவிடும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாட்டில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல், எது வருகிறது என்பதை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் வருடத்தைக் கழித்த பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனாலும், நிலை என்பது பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும். ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லாது. 203 எழுதும் பிள்ளையும் எண்களையே இன்னும் அடையாளம் தெரியாத பிள்ளையும் அரும்பில் அருகருகே உட்கார்ந்திருக்கலாம். இரண்டுக்கும் தேவை வேறு வேறு. முதல் பிள்ளைக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பத்துப் பத்துக் குச்சிகளும் கொஞ்சம் உதிரிக் குச்சிகளும் போதும்.

சரியான விடை பல வழிகளில் வரும். பக்கத்துச் சிலேட்டிலிருந்து வரும், மனப்பாடத்திலிருந்து வரும், சில சமயம் குருட்டு அதிர்ஷ்டத்திலும் வரும். தவறான விடையைப் பெரும்பாலும் பிள்ளை தானே யோசித்துத்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதன் அறிவு வேலை செய்யும் விதம் நமக்குத் திறந்து தெரிவது அங்கேதான். அதை அழித்துவிட்டுச் சரியான விடையை எழுதிப் போடும்போது, பிள்ளை நமக்குக் காட்டிய ஒரே வாசலை நாமே சாத்திவிடுகிறோம்.

42இலிருந்து 18 போனால் 36 என்று எழுதும் பிள்ளையிடம், “எப்படிம்மா போட்டே?” என்று ஒரு முறை கேளுங்கள். “சின்னதுலேருந்து பெரிசு போகாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, அதான் எட்டுலேருந்து ரெண்டை எடுத்தேன்” என்று சொல்லும். நாம் சொன்னதை நம்பியதால் வந்த தவறு! கடன் வாங்கும் விதியை இன்னும் பத்துக் கணக்கில் போட்டுக் காட்டினாலும் இது தீராது. அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துப் பேசினால் தீரும்.

இப்படிக் கேட்க ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, பதிவேடும் எழுதி, செல்போன் செயலியிலும் விவரம் ஏற்றும் ஆசிரியரிடம் முதலில் பறிபோவது இந்த நிமிடங்கள்தான். புதிய பயிற்சிநூல் அச்சடிக்குமுன், அவருடைய தலையிலிருந்து ஒரு பதிவேட்டையாவது இறக்கி வையுங்கள்.