காண்பதும் தீண்டுவதும்

திருகோணமலையை அடுத்த சீனன்குடாவில் வந்திறங்கும் விருந்தினருள் பெரும்பாலோர், பயணக் களைப்பு நீங்குவதற்கு முன்னரே, கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றுகளையும் பற்றி ஒரு வார்த்தை விசாரித்து முடித்துவிட்டு, நிலாவெளிக்கு எதிரே கடலிற் கிடக்கும் புறாமலைத் தீவுக்கு வள்ளமேறிச் சென்றால் என்ன காணலாம், எவ்வளவு நேரம் பிடிக்கும், சுறா கடிக்குமா, பவளம் அகப்படுமா என்று அடுக்கடுக்காய் வினவத் தொடங்கிவிடுகின்றனர். இவ்வினாக்களுக்கு விடை கூறுதல் எளிது. ஆயினும் அவற்றின் அடியிலே, கேட்பவர் அறியாமலே, வேறொரு வினா உறைந்து கிடக்கின்றது: காணப்படும் பொருளிடத்துக் காண்பவன் எதையேனும் எதிர்பார்த்தற்கு உரியவனா? தரிசனம் என்று நம் முன்னோர் கொண்டாடியதற்கும், உல்லாசப் பிரயாணி பணங்கொடுத்துப் பெறுங் காட்சிக்கும் உள்ள வேற்றுமை இவ்விடத்திலேதான் தொடங்குகிறதென்பது என் எண்ணம்.

எளிய விடைகளை முதலிற் சொல்லிவிடுகிறேன். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள புறாமலை, பெரிதுஞ் சிறிதுமாகிய இரண்டு பாறைத் தீவுகளாலாயது; அங்கே கூடுகட்டும் மாடப்புறாக்களே அதற்குப் பெயர் கொடுத்தன. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில், தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மலைநாட்டிற்கு அப்பாலே கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக இக்கரையை வந்தடையுங் காலத்தில், கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வாடை கிளம்பிவிட்டாலோ வள்ளக்காரர் தாமே போகவேண்டாமென்று தடுத்துவிடுவர். இயந்திரம் பூட்டிய வள்ளத்திற் கால்மணி நேரமளவிற் போய்ச் சேரலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டின்றி இறங்குதல் கூடாது. உயிர்காப்பு அங்கியின்றி ஏறுதல் அறிவீனம். விடியலில் முந்திச் செல்பவர்க்குத் தெளிந்த நீருங் கிட்டும், கூட்டமுங் குறைவாயிருக்கும். நண்பகலிற் செல்பவர்க்கு முதுகுத் தோல் உரியும். ஆழமற்ற நீரிலே செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் உலாவும். அவை மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் இயல்பின, சீண்டாதவரைக் கடிப்பது மிக அரிது. திருகோணமலைக் கடற்கரையோரத்திற் பதிவாகியுள்ள ஏறத்தாழ 100 வகை முருகைக்கற்களிலும், அதாவது பவளப்பாறைகளிலும், 300 வகை மீன்களிலும் பல இத்தீவைச் சூழ்ந்தே வாழ்கின்றன. இவ்வளவும் எந்த வழிகாட்டியுஞ் சொல்லக்கூடியதே.

ஆனால் பவளத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் அவ்வளவு சுருக்கமாக மறுமொழி கூறிவிட முடியாது. பவளமென்ற மாத்திரத்தில் நம்மவர் நெஞ்சிலே செந்நிறமே எழுகின்றது. இறைவனுடைய திருமேனிக்குப் பவளத்தை உவமை கூறிய தேவார முதலிகளும், நவரத்தினங்களுள் ஒன்றாக அதனை மோதிரத்திற் பதித்துத் தந்த பொற்கொல்லருமாகச் சேர்ந்து அந்நிறத்தை நமக்குள் ஊன்றிவிட்டனர். அணிகலனாகும் அச்செம்பவளமோ மத்தியதரைக் கடலிற் பேர்போனது, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே யவனர் மரக்கலங்கள் முசிறித் துறையிற் கொணர்ந்திறக்கிய சரக்குகளுள் அதுவும் ஒன்றென்று பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கூறுகின்றது. புறாமலையின் முருகைக்கல் பெரும்பாலும் தேன்நிறமும் மங்கிய பசுமையும் மண்ணிறமுங் கொண்டது. சிவப்பை எதிர்பார்த்து முகத்தை நீரில் ஆழ்த்தியவர்கள், ‘இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்ற முகக்குறிப்போடு நிமிர்வதை நான் பலகாற் கண்டிருக்கிறேன். அவர்கள் கண் பழுதுடையதன்று. எதிர்பார்ப்பு அவர்களுக்கு முன்னே நீந்திச் சென்று, காணப்படவேண்டிய பொருளிருந்த இடத்திலே தான் அமர்ந்துகொண்டது.

அங்கே காணப்படவேண்டியது யாது? கல்லென்று நாம் கருதுவது கல்லன்று. கடுகளவினவும் மிளகளவினவுமாகிய எண்ணிறந்த சிற்றுயிர்கள், கடல்நீரிலுள்ள சுண்ணத்தை வாங்கித் தத்தமக்கு இல்லமமைத்து, ஒன்றன்மேலொன்றாகத் தலைமுறை தலைமுறையாய்க் கட்டியெழுப்பிய நகரமது. அவ்வுயிர்களின் உடலுக்குள்ளே இன்னும் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஞாயிற்றின் ஒளியை உணவாக்கி விருந்தோம்புவார்க்கே விருந்தளிக்கின்றன. தேன்நிறமும் பசுமையும் அப்பாசிகளின் கொடையே. நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்துக்கு மேல் ஓரிரு பாகை ஏறிப் பல வாரம் நிலைத்துவிடின், அந்த நட்பு முறிந்து, பாசி நீங்கி, முருகைக்கல் வெண்ணெலும்பாய் வெளுத்துவிடும். 1998ஆம் ஆண்டிலே அவ்வாறு நேர்ந்தபொழுது, இலங்கையின் தென்கரையிலும் மேற்கரையிலும் இருந்த பாறைகள் பெரும்பாலும் மடிய, திருகோணமலைப் பாறைகள் ஏறக்குறையத் தப்பிப் பிழைத்தன. உருண்டு திரண்டு வளரும் இனத்தது ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே உயர்வதாகலின், முழங்காலளவு நிற்கும் ஒரு திரள் ஏறத்தாழ அரை நூற்றாண்டின் உழைப்பாகும். அதன்மேல் ஒருவன் களைப்பாறக் காலூன்றி நிற்பதற்கு அரை நிமிஷமும் வேண்டியதில்லை.

இது கல்லா, செடியா, பிராணியா என்று உலகம் நெடுங்காலம் மயங்கியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெய்சோனெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பவளத்திற் பூவென்று எல்லாரும் கூறியது பூவன்று, பிராணியே என்று பாரிசு நகரத்து விஞ்ஞான சபைக்கு எழுதினார். அதனை வாசித்த பேரறிஞர் ரெயோமூர், அம்மருத்துவர் நகைப்புக்கிடமாகிவிடுவாரே என்று இரங்கி, அவர் பெயரையே மறைத்துவிட்டாராம். இந்தியச் சமண நூலாரோ, பவளத்தைப் பிருதிவியே உடலாகவுடைய ஜீவர்களின் வரிசையில் எண்ணி, தீங்கு செய்யத்தகாத உயிரென்று நெடுங்காலத்திற்கு முன்னரே விதித்துவிட்டனர். அவர்கள் பாகுபாட்டை இன்றைய விலங்கியல் ஒப்புக்கொள்ளாது. ஆயினும் பாகுபாட்டிற் பிழைத்தவர் ஒழுக்கத்திற் பிழைக்கவில்லை. பாகுபாட்டைத் திருத்தமாகக் கற்ற நாமோ அதன்மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொள்கிறோம்.

இனி, திருகோணமலையிலே கடலும் கல்லும் சந்திக்கும் மற்றோரிடம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துச் சென்றதும், எஞ்சியவை கடலில் வீழ்ந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. 1950இல் கோட்டைப் பகுதியில் மண்ணைத் தோண்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் சில வெளிப்பட்டன. ஆறாண்டு கழித்து, நீரடியிற் படம்பிடித்துத் திரிந்த மைக் வில்சன் என்பவர், அவ்வாலயம் நின்ற சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலிலே மூழ்கி, சுயம்புவென இன்று வழிபடப்பெறும் இலிங்கத்தைக் கண்டெடுத்தார்; அவருடைய தோழராகிய ஆர்தர் சி. கிளார்க் அக்கடற்பாறைகளைப் பற்றி 1957இல் ஒரு நூலே எழுதினார். புதுக்கிய ஆலயத்துக்கு 1963இற் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அதே 1963ஆம் ஆண்டிலேதான் புறாமலை சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நாற்பதாண்டு கழித்து, 2003இல், தேசியப் பூங்காவாயிற்று. ஒரே கடலுக்கு ஒரே ஆண்டிலே இரண்டு சந்நிதிகள் வாய்த்தன. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது. ஆயினும் சிந்திப்பவனுக்கு இத்தகைய தற்செயல் ஒன்று போதும். சுவாமி மலையில் உயிரற்ற கல்லை உயிருக்குயிராக எண்ணி, எட்ட நின்று, கை குவிக்கின்றோம். அன்று பிற்பகலே நிலாவெளிக்குச் சென்று, உயிருள்ளதைக் கல்லென எண்ணி மிதிக்கின்றோம்.

எட்ட நிற்பதுதான் பக்தியா என்று இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். காசியிலே யாத்திரிகர் இலிங்கத்தைத் தொட்டு நீராட்டும் வழக்கம் உண்டு. அவர்கள் பக்தி நம்முடையதிற் குறைந்ததன்று. அதனினும் வலிய தடையொன்று உண்டு. தீண்டாதே, விலகி நில் என்னும் சொல்லை நம் சமுதாயம் தெய்வத்தின் பெயரால் உடன்பிறந்தவர் மீதே ஏவிய பாவத்தை மறந்துவிட்டுத் தூய்மையைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, கும்பிட வந்த சைவர்களைச் சைவர்களே மறித்து நின்றதை மறந்துவிட முடியுமா? அவ்விலக்கு, வலியவன் எளியவனை நோக்கி ‘நீ விலகு’ என்று சொன்னது. ஆதலால் அது அதர்மம். நான் கூறவரும் விலக்கோ, வலியவன் தன்னைத்தானே நோக்கி, எளிய உயிரொன்றின் பொருட்டு, ‘நான் விலகுவேன்’ என்று சொல்லிக்கொள்வது. முன்னையது அகங்காரத்தின் வேலி. பின்னையது அந்த அகங்காரத்துக்கே இடும் வேலி. கருவறைப் படியில் நாம் நிற்பது கல்லைக் காப்பதற்காகவன்று, நம்முடைய உடைமைப் புத்தியை நிறுத்துவதற்காகவே. முருகைக்கல்லின் முன் நிற்பதில் இவ்விரண்டு பயனும் ஒருங்கே சித்திக்கின்றன.

உடைமைப் புத்தி என்றேன். அதன் சரித்திரத்தைக் காண விரும்புவோர் சீனன்குடாவை விட்டு எங்கும் போகவேண்டியதில்லை. இந்த நீரைக் கண்ட ஒவ்வொரு வல்லரசும் இதனை வேண்டியது. டேனியர் வந்தனர், போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிற்று. ஆங்கிலேயர் இங்கே அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் தாக்கியபோது, அத்தாங்கிகளுள் ஒன்று தீப்பற்றி எரிந்து உருகியது. அக்காலத்து ஆட்சியாளர் புறாமலையைத் துப்பாக்கிப் பயிற்சிக்குரிய இலக்காகப் பயன்படுத்தினர். துப்பாக்கியின் இடத்திலே இன்று படக்கருவி வந்திருக்கிறது. அது கொல்வதில்லையென்பது பெரிய வேற்றுமைதான். எனினும் அதைப் பிடித்திருப்பவன் நினைவு, கண்டதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளவேண்டுமென்பதிலிருந்து வெகுதூரம் நகர்ந்துவிட்டதென்று நான் நம்பவில்லை.

சைவ சித்தாந்திகள் கண்ணைப் பற்றி நுணுகி ஆராய்ந்தவர்கள். கண் காணும் ஆற்றலுடையதாயினும் ஒளியின் துணையின்றி ஒன்றையுங் காணாது. அதுபோல ஆன்மா அறியும் இயல்பினதாயினும் திருவருளின் துணையின்றி அறியாது. அன்றியும் எதைச் சார்கின்றதோ அதன் தன்மையே தன் தன்மையாய் நிற்கும் என்பர். புறாமலையில் நீர்க்கண்ணாடி அணிந்து மூழ்குபவனுக்கு இச்சித்தாந்தம் கண்ணெதிரே விளங்கும். வெறுங்கண்ணை நீரில் திறந்தால் எல்லாம் மங்கிக் கலங்கும். கண்ணுக்கும் நீருக்கும் இடையே சிறிது காற்று, அதாவது சிறிது இடைவெளி, கண்ணாடியினால் நிறுத்தப்பட்ட பின்னரே உருவங்கள் தெளிகின்றன. தெளிந்த பின்னும் அவை உள்ள தூரத்திலும் காற்பங்கு கிட்டவே தோன்றும். கையை நீட்டினால் எட்டிவிடும் போலிருக்கும், எட்டாது. காட்சிக்கு இடைவெளி தடையன்று, அதுவே துணை. கிட்டிவிட்டோமென்பது நம் மயக்கம்.

திருஞானசம்பந்தர் இலங்கைத் தீவுக்கு வந்தவரல்லர். இராமேசுவரத்திலிருந்தபடியே கடலுக்கு அப்பாலுள்ள கோணமலையைப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அப்பதிகத்திலே அலையோசை கேட்கின்றதென்பதைப் படித்தவர் அறிவர். எனவே வள்ளம் ஏறவே வேண்டாம், வீட்டிலிருந்தே தியானித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஞானக்குழந்தைக்கு இயன்றது, நமக்கு இயலாது. மேலும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நிலாவெளியைச் சூறையாடிய பின்னர், அதே கடலை நம்பி மீண்டும் வள்ளம் தள்ளிய குடும்பங்கள் அங்கே உள்ளன. அவர்களுக்குக் கூலி வருவது விருந்தினர் வருவதனாலேயே. போகத்தான் வேண்டும். மீன்களையும் சுறாக்களையும் பார்த்து மகிழத்தான் வேண்டும். இன்பத்தைச் சந்தேகிக்கும் சமயம் நம்முடையதன்று. உடல் நோக அப்பர் கயிலைக்கு நடந்து, பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தபோது, அங்கே கண்டது சோடி சோடியாய் வந்த விலங்குகளையும் பறவைகளையுமே. அவற்றிலேதான் கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது.

ஆகவே, ஆனியிலோ ஆடியிலோ இப்பக்கம் வரும் அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது சிறிது. பொது விடுமுறை நாளைத் தவிர்த்து வாருங்கள். நீந்தத் தெரியாதவர் மணலில் நின்று பாருங்கள், முருகைக்கல்லின்மேல் நிற்கவேண்டாம். கரையொதுங்கிய சிப்பியையும் முருகைத் துண்டையும் மடியிற் கட்டவேண்டாம். வள்ளம் ஏறுமுன், கூலி பேசும்பொழுதே, நங்கூரத்தைப் பாறையிற் போடாமல் மணலிற் போடும்படி வள்ளக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.