திருநீலகண்டம் காட்டும் ஆறுதல்



நம் தீவகத்து அடியவர் ஒருவர். மாதக்கணக்காக மாறாத இருமல்; மாலையில் காய்ச்சல்; உடம்பு மெலிந்தது. ஒருநாள் சளியில் இரத்தம் கண்டார். குறிகட்டுவானில் படகால் இறங்கி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் சென்றார். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் நிழல் தெரிந்தது. புற்றுநோய்தான் என்று அவரும் மனைவியும் முடிவு கட்டிவிட்டனர். சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் வைத்தியர் சொன்னார்: “பயப்படாதேங்கோ ஐயா, இது காசநோய். ஆறு மாதம் ஒழுங்காய்க் குளிசை போட்டால் மாறும்.” மனைவி அவ்விடத்திலேயே அம்பாளை நினைத்துக் கைகூப்பினார்.

ஆனால் ஊருக்குத் திரும்பியதும் வேறொரு துன்பம் காத்திருந்தது. அயலவர் வரவு குறைந்தது. “குமர்ப்பிள்ளை உள்ள வீடு, வெளியில் சொல்லாதேங்கோ” என்றனர் உறவினர். நோயை விட அந்தத் தனிமையே அவரை வாட்டியது.

அடியார்களே, திருஞானசம்பந்தர் வரலாற்றை இங்கு நினைந்து பார்ப்போம். கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் அவர் தங்கியிருந்தபோது, உடன்வந்த அடியவர்களைக் குளிர்சுரம் பற்றியது. “இது இந்நிலத்தின் இயல்பு” என்றனர். பிள்ளையார் அடியவரை விட்டு விலகிச் செல்லவில்லை. அவர்களுக்காகவே திருநீலகண்டப் பதிகம் பாடினார். நோய் நீங்கியது. ஆலகாலத்தை இறைவன் கண்டத்தில் தாங்கியது பிறர் உயிர் காக்கவே. அந்தத் திருப்பெயரைச் சொல்லும் நாம், நோயுற்றவரின் துன்பத்தில் ஒரு பங்கையேனும் தாங்க வேண்டாமா?

காசநோய் தெய்வக் குற்றமன்று, குலப்பழியுமன்று. அது ஒரு கிருமியால் வருவது என்பதை 1882 மார்ச் 24இல் ரொபேர்ட் கொக் உலகுக்கு அறிவித்தார். அது காற்றின் வழி தொற்றுவது. கோப்பையாலும் உடுப்பாலும் தொற்றுவதன்று. பொருத்தமான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். சென்னையில் 1956இல் தொடங்கி 1959இல் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டிலிருந்து மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் என்றும், அதனால் வீட்டாருக்கு ஆபத்து கூடவில்லை என்றும் காட்டியது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. வீட்டிலுள்ளவர்கள் தம்மையும் பரிசோதித்துக்கொள்வதே முறை. நம் நாட்டு அரசாங்க மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் இதற்கான மருந்து இலவசம்.

வழமையான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு வகை. இரண்டாம் மாதம் நம் அடியவருக்கு இருமல் நின்றது, உடம்பும் தேறியது. “இனிக் குளிசை எதற்கு?” என்றார். நான் கேட்டேன்: “அம்பாளுக்கு வைத்த நேர்த்தியைப் பாதியில் விடுவீரோ?” சிரித்தார். “இதுவும் நேர்த்திதான். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும்” என்றேன். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் தினமும் வந்து, “அண்ணை, குளிசை போட்டாச்சோ?” என்று கேட்கத் தொடங்கினான். இன்னொருவர் கிளினிக் நாட்களில் கூடச் சென்றார். ஊர் மெல்ல மெல்ல அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பியது.

மருந்தும் அருளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மருந்தைக் கண்டறியும் அறிவையும், அதை உண்ணும் உறுதியையும், கூட வரும் துணையையும் தருவது திருவருளே.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் மறைக்காமல் வைத்தியரைக் காணுங்கள். அயலில் எவரேனும் நோயுற்றால் அவர் படலையைத் திறந்து உள்ளே செல்லுங்கள். அதுவும் சிவதொண்டே.

சிகிச்சை முடிந்தபின் வந்த தேர்த் திருவிழாவில் அவர் எல்லோருடனும் சேர்ந்து வடம் பிடித்தார். அம்பாள் அனைவருக்கும் அருள்பாலிப்பாளாக.

திருச்சிற்றம்பலம்.