உப்பும் உயிரும்

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்னும் உலோகத்தின் உப்பு ‘மேனியா’வை, அதாவது உறக்கமின்றிப் பேச்சும் செயலும் கட்டுக்கடங்காமல் பெருகும் மனநிலையைத் தணிக்கிறது என்று 1949-இல் அறிவித்தபோது, மெய்யியலுக்கும் ஒரு வினா எழுந்தது: மண்ணில் கிடைக்கும் ஒரு தாது மனத்தை மாற்றுமெனில், மாற்றப்படுபவர் யார்?

உடலையும் மனத்தையும் இரு வேறு பொருள்களாகப் பிரித்த மெய்யியலாளர் டேக்கார்ட்டின் வழிவந்தோரை இவ்வினா இடர்ப்படுத்தும். சைவ சித்தாந்தத்தை அத்துணை இடர்ப்படுத்தாது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள், அதாவது உயிர் அறிவதற்குத் துணைநிற்கும் அகக்கருவிகள், மாயையில் தோன்றிய சடப்பொருள்கள் என்றே அது கொள்வதால், சடத்தைச் சடம் திருத்துவதில் முரணில்லை. கருவி பழுதுற்றதனால் உயிர் இழிவடைவதுமில்லை. வினையைக் காரணம் காட்டி நோயாளியைப் பழிப்போர் சித்தாந்தத்தின் இப்பகுதியை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் இது முழு விடையன்று. லித்தியம் தற்கொலை அபாயத்தைக் குறைப்பினும், பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியதாதலால் குருதிச் சோதனை தொடர்ந்து வேண்டும். நாளடைவில் சிறுநீரகமும் தைராய்டும் பாதிக்கப்படலாம். அதே 1949-இல், மூளையின் முன்மடல் இணைப்புகளை அறுக்கும் சிகிச்சைக்காக மருத்துவர் எகாஸ் மோனிஸ் நோபல் பரிசு பெற்றார். அச்சிகிச்சைக்கு உள்ளானோரில் பலர் கொந்தளிப்போடு ஆளுமையையும் இழந்தனர். கருவியைத் திருத்தலாம் என்பதனாலேயே எவரும் எவ்வாறும் திருத்தலாம் என்றாகாது. அதற்கான எல்லையைத் தத்துவம் வகுக்காத இடத்தில் சட்டம் வகுக்க நேர்கிறது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்துமின்றி மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளிப்பதைத் தடைசெய்திருக்கிறது.