நடாத வயலின் விளைச்சல்

குறுவை அறுப்பு முடிந்த கையோடு அம்மாபேட்டைப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆள் படு குஷி. இந்தத் தடவை ஒற்றை நாற்று நடவாம். வேளாண்மைத் துறைக்காரர்கள் 'திருந்திய நெல் சாகுபடி' என்பார்களே, அதுதான். 'ராஜராஜன் 1000' என்றும் ஒரு பேர் உண்டு. பதினாலு நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். களையைக் கோனோவீடர் ஓட்டி மண்ணிலேயே அமுக்க வேண்டும்.

"முறைன்னா இதுதாண்ணே முறை. அள்ளிட்டேன்!" என்றான்.

"பக்கத்து வயல்காரரும் பண்ணினாரே?"

"அவனா? ஒரு வருஷம் பண்ணினான், நஷ்டம்னு விட்டுட்டான். சரியான சோம்பேறி."

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் அவன் மகள் காபியோடு வந்தவள் கேட்டாள்: "அப்பா, இதே வயல்ல இந்த வருஷம் பழைய மாதிரியே நட்டிருந்தா எவ்வளவு கண்டிருக்கும்?"

தம்பி வாயைத் திறக்கவில்லை. நீங்களோ நானோ கூட பதில் சொல்ல முடியாது. ஒரே போகத்தில் ஒரே வயலை இரண்டு விதமாக நட முடியாதே! நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது. நடக்காமல் போனது தெரிவதில்லை. ஆனால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நாம் 'பலன்' என்கிறோம்.

அதனால் என்ன செய்கிறோம்? பக்கத்து வயலை எட்டிப் பார்க்கிறோம். வம்பு அங்கேதான். தம்பிக்கு போர் இருக்கிறது. நடவு ஆளுக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்கிறது. பக்கத்து வயல்காரர் வாய்க்கால் தண்ணீரை நம்பியவர். பாதி நாள் அடுத்தவர் வயலில் கூலி வேலை. இரண்டு பேர் மகசூலுக்கும் உள்ள வித்தியாசத்தில் முறையின் பங்கு எவ்வளவு, மனுஷனின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு?

"இதைப் பிரிச்செடுக்கத்தான் பெரியப்பா எங்களுக்குப் பாடமே" என்றாள் பெண்.

இந்த நடவு முறை பிறந்தது மடகாஸ்கரில். அங்கே கிறிஸ்டோபர் பேரட் என்ற பொருளாதார அறிஞரும் அவர் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஒரே விவசாயி ஒரு துண்டில் பழைய முறையும் இன்னொரு துண்டில் புது முறையும் வைத்திருந்தால், அந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஆள் ஒருவனேதானே! அவனுடைய கெட்டிக்காரத்தனம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். கிடைத்த விடை: கூடுதலாகத் தெரிந்த விளைச்சலில் ஏறக்குறைய பாதி, முறையால் வந்ததல்ல, விவசாயியால் வந்தது. அதைக் கழித்த பிறகும் முறைக்குச் சராசரியாக 84 சதவிகிதத்துக்கு மேல் ஆதாயம் நின்றது. ஆனால் மகசூல் ஏறி இறங்கும் அபாயமும் கூடியது. கையில் இருப்பு இல்லாதவன் ஒதுங்கிக்கொண்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு.

சர்க்கார் காரியங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1960-ல் தீவிர விவசாயத் திட்டத்துக்கு நாடு முழுவதிலும் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஏன் எடுத்தார்கள்? பாசன வசதி உறுதியாக இருந்ததால். முதல் பெஞ்சுப் பையனைப் பொறுக்கி எடுத்து டியூஷன் வைத்த மாதிரி. பாஸானால் புகழ் யாருக்கு?

இங்கிலாந்தில் 1920-களில் ரொனால்ட் ஃபிஷர் ஒரு வழி சொன்னார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆள் முடிவு செய்யக் கூடாது; சீட்டுக் குலுக்கிப் போடு. வயலில் பிறந்த அந்த யோசனையை வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குக் கொண்டுபோனதற்காகத்தான் 2019-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரேமர் மூவரும் நோபல் வாங்கினார்கள்.

சரி, நமக்கு இதில் என்ன? ஜெயித்தவனின் வசதியை எல்லாம் 'முறை' என்ற கணக்கில் வரவு வைக்கிறோம். அதையே நம்பி இல்லாதவன் கடன் வாங்கி இறங்குகிறான். விழுந்தால், 'உனக்குச் சரியா செய்யத் தெரியலை' என்று பழியையும் அவன் தலையிலேயே கட்டுகிறோம். தப்புக் கணக்கு மட்டுமா இது? அநியாயமும்தான். பையன் படிப்பு, வியாபாரம், எல்லாவற்றிலும் நாம் தருகிற 'என்னைப் பார்த்துக் கத்துக்கோ' அட்வைஸ் இந்த வகைதான்.

ஊருக்குக் கிளம்பும்போது தம்பி பஸ் ஸ்டாப் வரை வந்தான். "அடுத்த வருஷம் அவன் வயலுக்கு நம்ம போர் தண்ணியை விட்டுப் பார்க்கணும்ணே" என்றான்.

அடுத்த முறை யாரையாவது சோம்பேறி என்று சொல்ல வாயெடுத்தால், ஒரு நிமிஷம் யோசியுங்கள். உங்கள் போர் தண்ணீர் எது?