சீட்டில் எழுதிய பெயர்

மன விலகல் நோய் என்பது நினைவு, உணர்ச்சி, உடலசைவு, தான் இன்னார் என்ற உணர்வு ஆகியவை கூடி இயங்காமல், சில வேளைகளில் ஒன்றிலிருந்து ஒன்று கழன்றுகொள்ளும் நிலை. மருத்துவர்கள் ‘டிஸ்ஸோசியேட்டிவ் டிஸ்ஆர்டர்’ என்பார்கள். நம் நாட்டில் இந்த நோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் சினிமாவில் காட்டுவது போல ஆள் மாறிப் பேசுகிறவர்கள் அல்லர். வலிப்பு போல ஒன்று வந்து விழுவார்கள். திடீரெனக் கை கால் அசையாது, அல்லது பேச்சு அடைத்துக்கொள்ளும். கீழே பேசும் சீடர் அப்படி விழுகிறவர். உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர், ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. ஆசிரியர் வாலாஜாபாத்தில் ஞாயிறுதோறும் சைவ சித்தாந்தம் சொல்லித் தருபவர். இருவரும் இந்த விளக்கத்துக்காகப் புனையப்பட்டவர்கள்.

சீடர்: ஐயா, ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘எஃப் 44.5’ என்று எழுதிவிட்டார்கள். இது காக்காய் வலிப்பு இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் ‘அப்போ இத்தனை நாளும் நடிச்சியாடா’ என்கிறார்கள்.

ஆசிரியர்: அந்த எண்ணுக்கு நடிப்பு என்று பொருளே இல்லை தம்பி. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் எஃப் 44 என்பது மன விலகல் நோய்கள். அதில் புள்ளி ஐந்து, வலிப்பு வடிவில் வருவது. வேண்டுமென்றே நோய் காட்டுகிறவர்களுக்கு அதே பட்டியலில் வேறு இடம் இருக்கிறது. உன்னை அங்கே எழுதவில்லை. நீ விழுவது உன் விருப்பத்தில் நடப்பதில்லை என்பதைத்தான் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சீடர்: வலிப்பு இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஆசிரியர்: தலையில் இ.இ.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போதே நீ விழுந்தாய், வீடியோவும் எடுத்தார்கள். உடம்பு முழுதும் வெட்டுகிற காக்காய் வலிப்பாக இருந்தால் மூளையின் மின்கோடு அந்த நேரத்தில் தாறுமாறாகும். உனக்கு மாறவில்லை. கண் இறுக மூடியிருந்தது, தலை பக்கவாட்டில் ஆடியது, வெட்டு வெகுநேரம் நீண்டது என்பவையும் குறிப்புகள்தான். ஆனால் ஏதோ ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டுவதில்லை. சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும். அதனால் வலிப்பு மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. நீ விழும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்களே, அது எந்த வலிப்பையும் நிறுத்தாது. வெட்டு தானாக அடங்குகிற நேரத்தில் இரும்பு கையில் இருக்கிறது, அவ்வளவுதான். தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கினால் போதும்.

இதுவரை சீடர் கேட்டவை நோயைப் பற்றியவை. அடுத்து அவர் கேட்பது பெயரைப் பற்றியது. அவருடைய கலக்கத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

சீடர்: போன வருஷம் ஒரு டாக்டர் ‘கன்வர்ஷன்’ என்றார். ஊரில் ஒரு நர்ஸம்மா ‘ஹிஸ்டீரியா’ என்றார். பூசாரி காத்து கருப்பு என்றார். கூட வேலை செய்கிறவன் ‘அந்நியன் வியாதியா’ என்று கேட்கிறான். இதில் எது நான்?

ஆசிரியர்: எதுவும் நீ இல்லை. முதல் மூன்றும் ஒரே நோயின் மேல் வெவ்வேறு காலத்தில் ஒட்டிய சீட்டுகள். பிரான்சில் பியர் ழானே என்பவர் 1889இலேயே, தாங்க முடியாத அனுபவம் மனத்தின் மற்ற பகுதிகளோடு சேராமல் ஒதுங்கி நின்று தன்போக்கில் இயங்கும் என்று விளக்கினார். அப்போது அதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர். பெண்களின் வியாதி என்று ஏளனமும் சேர்ந்திருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டிலிருந்து அந்தப் பெயரை 1980இல் எடுத்தார்கள். ஆள் மாறிப் பேசும் வகைக்கு இருந்த பன்முக ஆளுமை என்ற பெயரை 1994இல் மாற்றினார்கள். உனக்கு வருவதை உலக சுகாதார நிறுவனம் மன விலகல் நோயில் சேர்க்கிறது. அமெரிக்கக் கையேடு அதையே கன்வர்ஷன் என்று உடல்சார் அறிகுறி நோய்களில் வைக்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பட்டியலில் உன் எண்ணும் மாறி 6பி60 ஆகிவிட்டது. உன் வலிப்பு மாறவில்லை, பட்டியல் மாறியது.

சீடர்: அந்நியன்?

ஆசிரியர்: ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ இரண்டு படங்களும் 2005இல் வந்தன. அதன் பிறகு நம் ஊரில் மன விலகல் என்றாலே கண்ணை உருட்டிக் குரல் மாற்றுவது என்று ஆகிவிட்டது. அந்த வகை நோய் உண்டு. இந்தியாவில் அப்படி எழுதப்படுகிறவர்கள் மிகக் குறைவு. ‘சந்திரமுகி’யின் கடைசியில் நடத்துகிற நாடகத்தை எந்த மருத்துவமனையும் நடத்தாது.

சீடர்: பெயர் வெறும் சீட்டு என்றால் கிழித்துப் போட்டுவிடலாமா?

ஆசிரியர்: கூடாது. சீட்டு இருப்பதால்தான் தேவையில்லாத மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைக்க முடியும். மனநல ஆலோசனைக்கு அனுப்ப முடியும். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. பேசித் தீர்க்கிற சிகிச்சையே முதன்மை. ‘உனக்கு இருப்பது இது, இப்படித்தான் வருகிறது’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டாலே சிலருக்கு வலிப்பு குறைகிறது. பெயருக்கு அந்த அளவு பலன் உண்டு. கெடுதலும் அதற்குள்ளேயே இருக்கிறது. உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் இயல்பு என்று படித்தோமே, பளிங்கு தன் பக்கத்திலிருக்கும் நிறத்தைக் காட்டுவது போல?

சீடர்: பெயரைச் சார்ந்தால் அந்தப் பெயராகவே ஆகிவிடுவோம் என்கிறீர்களா?

ஆசிரியர்: அமெரிக்காவில் அதற்குச் சான்றே இருக்கிறது. ‘சிபில்’ என்ற பெண்ணின் கதை 1973இல் புத்தகமாகவும் 1976இல் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே பன்முக ஆளுமை என்று எழுதப்பட்டவர்கள் பெருகினார்கள். கனடாவின் தத்துவ அறிஞர் இயன் ஹாக்கிங் 1995இல் இதைப் பற்றியே நூல் எழுதினார். மனிதரை வகைப்படுத்தினால் அவர்கள் அந்த வகைக்கேற்ப மாறுகிறார்கள், மாறிய மனிதரால் வகையும் மாறுகிறது என்பது அவர் வாதம். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. துன்பம் உண்மை, துன்பம் எந்த வடிவில் வெளிப்படுவது என்பதைச் சுற்றியிருப்பவர்கள் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் ‘எனக்கு இது வருகிறது’ என்று சொல்; ‘நான் இதுதான்’ என்று சொல்லாதே.

சீடர்: அப்படியானால் ஆடி மாதம் என் அத்தைக்குச் சாமி வருகிறதே, அதுவும் நோயா?

ஆசிரியர்: இல்லை. கூழ் வார்க்கும்போதும் தீமிதியின்போதும் ஊர் கூடி ஏற்றுக்கொண்ட முறையில் வந்து, பம்பை நின்றதும் இறங்கிவிடுவதை உலக சுகாதார நிறுவனப் பட்டியலும் அமெரிக்கக் கையேடும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. விரும்பாமல், இடமும் காலமும் இல்லாமல் வந்து பிழைப்பைக் கெடுத்தால்தான் நோய். கோயிலுக்குப் போவதையும் யாரும் தடுக்கவில்லை. சங்கிலி போடுவதும் மருந்தை நிறுத்துவதும்தான் ஆபத்து. ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள்.

அடுத்த கேள்வி சித்தாந்த மாணவருக்கே உரியது. ஆசிரியரின் குரல் இங்கே சற்றுக் கடுமையாகிறது.

சீடர்: விழுவதற்கு முன்னால் என் கை என் கை இல்லை என்று தோன்றுகிறது. நானே தள்ளி நின்று என்னைப் பார்ப்பது போல இருக்கிறது. ‘என் உடம்பு’ என்று சொல்வதாலேயே உடம்பு வேறு, உயிர் வேறு என்று சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் படித்தோம். எனக்கு வருவது அந்தத் தெளிவாக இருக்கலாம் அல்லவா?

ஆசிரியர்: இருக்க முடியாது. அந்த மயக்கத்தை இன்றோடு விடு. அந்த நூலின் ஆசிரியர் மெய்கண்டார் ‘என் உடம்பு’ என்பதில் ‘என்’ என்பதைப் பிடித்துக்கொண்டு உயிரை நிறுவுகிறார். உனக்கு நழுவிப்போவது அந்த ‘என்’தான். தெளிவு அச்சத்தைக் குறைக்கும். உனக்கு நெஞ்சு படபடக்கிறது. தெளிந்தவர் வேலைக்குப் போய்த் திரும்புவார். உனக்கு அரைமணி நேரம் நினைவில்லை. நோயை ஞானம் என்று புகழ்வது, பூசாரி காத்து கருப்பு என்றதைவிட மோசமான சீட்டு. அதைக் கழற்ற யாருக்கும் மனம் வராது.

சீடர்: பெண் பார்க்கிறார்கள், ஐயா. என்ன சொல்வது?

ஆசிரியர்: எண்ணைச் சொல்லாதே, நடப்பதைச் சொல். ‘மனம் தாங்காதபோது இப்படி விழுவேன், சிகிச்சை நடக்கிறது, இதைச் செய்தால் போதும்’ என்று பெண்ணிடமே சொல். சட்டமும் உன் பக்கம்தான். மனநோய் என்று தீர்மானித்ததாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. 23ஆம் பிரிவின்படி உன் நோய் விவரம் ரகசியம். 25ஆம் பிரிவின்படி உன் மருத்துவக் குறிப்புகளை நீ கேட்டுப் பெறலாம். அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்கிப் படி. புரியாததை மருத்துவரிடமே கேள். நடுராத்திரியில் மனம் நிலைகொள்ளாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடு, தமிழிலேயே பேசுவார்கள்.

சீடர்: வகுப்புக்கு வரலாமா?

ஆசிரியர்: வா. பாடம் கேள், கேள்வி கேள். கண்ணை மூடி உட்காருவதை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவை. சிலருக்குத் தியானமே இந்த விலகலைக் கூட்டும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம்.