ஊர் மீளுதலும் பாசமோ?

திரு அவிநாசியில் சென்ற ஆண்டு யாம் நிகழ்த்திய சித்தாந்தச் சொற்பொழிவின் இறுதியில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தனர். அவர்தம் பெற்றோர் ஈழத்து மன்னார்ப் பகுதியினர். 1990-ஆம் ஆண்டிற் போருக்கு அஞ்சிக் கடல் கடந்து இராமேச்சுரம் சேர்ந்தோர். அவர் பிறந்தது இத்திருப்பூர் மாவட்டத்து ஏதிலியர் முகாமொன்றில். தொழில் செய்வது பனியன் கம்பெனியொன்றின் கட்டிங் பகுதியில். "ஐயா, எங்கள் ஊருக்குத் திரும்பிப் போய், தூர்ந்து கிடக்கிற குளத்தை வெட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஊரை நான் கண்டதேயில்லை. பற்றை விடுங்கள் என்று சொன்னீர்கள். இதுவும் விட வேண்டிய பற்றுத்தானா?" என்பது அவர் வினா.

யாம் சிறிதும் ஆராயாது, "தம்பி, உயிருக்கு ஊர் ஏது? திருவடியே அதன் ஊர்" என்று விடை பகர்ந்தேம். அவையினர் கைகொட்டினர். அவர் வணங்கிச் சென்றனர். அவ்விடை சொல்லளவில் வழுவுடைத்தன்று; ஆயினும் அவர் வினாவிற்கு அது விடையன்று என்பது வீடு சேருமுன்னரே எமக்குப் புலனாயிற்று. ஆகலின் அதனை ஈண்டு மீள ஆராயப் புகுகின்றேம்.

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவன் மாயையினின்றும் உயிர்கட்குக் கூட்டித் தந்தன என்பது சித்தாந்தத்தின் துணிபு. ஒருவன் பிறந்த ஊர் அவனுக்கு வாய்த்த புவனமாம். மல இருளிற் கிடக்கும் உயிருக்கு மாயை விளக்குப் போல உதவும் என்பது நம் ஆசிரியர் கூறும் உவமை. விளக்கைத் தழுவிக் கொள்வாரும் இலர். விடியுமுன் அதனை உடைத்தெறிவாரும் இலர். உடம்பினைப் பேணித் தொண்டு செய்க என்னும் நாம், ஊரினைப் பேணுவாரை மட்டும் பாசத்தினர் என்று விலக்குதல் எங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், ஊர் மேற் செல்லும் அன்பு 'எனது' என்னும் புறப்பற்றன்றோ எனின், தான் நுகர்தற்கென ஒன்றைப் பற்றுவதே அப்பற்றாம். இவ்விளைஞரோ ஊரைக் கண்டதுமிலர். காணாத குளத்தினைத் தூரெடுக்க விரும்புவார்க்கு நுகர்ச்சி யாது? பசியினால் தம் காணியை நாடி மீள்வாரையும் யாம் குறை கூறேம். அஃது அவர்தம் உரிமை. ஊர்ப்பணிக்கென்று மீள்வார்க்கு உண்மையில் அஞ்சத்தக்கது 'எனது' என்பதன்று, 'யான்' என்பதே. 'யான் இவ்வூரைத் திருத்த வந்தேன்' என்னும் எண்ணம் தொண்டின் உருவிலேயே உள்நுழையும். கற்றுவந்தோரும் நிதி கொணர்ந்தோரும் பெரிதும் வழுக்கும் இடம் இது. போர்க்காலம் முழுதும் அவ்வூரிலேயே இருந்து துன்புற்றோர்க்குக் குளத்தின் மடை எங்கிருந்தது, யாருடைய வயலுக்கு நீர் முன் சென்றது என்பன தெரியும், வந்தவர்க்குத் தெரியா. அவர் இவர்க்கு ஆளாகிப் பணி செய்தல் வேண்டும். தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தினைக் கல்லியது கண் பெற்ற பின்னரன்று. கட்டிய கயிற்றைத் தடவிக்கொண்டே கல்லினர். அக்கயிறு போன்றது ஊர் மக்களின் அறிவு. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தோடு அடியார் திருவேடத்தையும் வணங்கச் சொல்லியதனையும் இதனோடு சேர்த்து நினைக.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்து செயற்பட்டோரும் உளர். திரு. எஸ். சி. சந்திரகாசன் அவர்கள் 1984-இற் சென்னையில் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் வாழ்வை வீணே காத்திருக்கும் காலமாகக் கொள்ளாது, மீளும் நாளில் ஊர்க்குப் பயன்படுமாறு ஏதிலியரையே ஆசிரியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றியது. 2009-இற் போர் முடிந்தபின் அவருட் சிலர் மீண்டனர். பலர் மீண்டிலர். வயல் காடாயிற்று, தொழில் இல்லை, பிள்ளைகளின் படிப்பு இங்கே. 2021-இலும் இந்நாட்டு முகாம்களில் 50,000-க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டில் அவற்றிற்கு 'மறுவாழ்வு முகாம்' என்று அரசினர் பெயர் மாற்றினர். நிழலில் அமர்ந்து நூல் படிக்கும் எம்போல்வார் அவர்களை நோக்கிப் 'போமின்' என்றலும் 'இருமின்' என்றலும் அறமாகா.

அவிநாசித் தலத்தில் முதலை விழுங்கிய பிள்ளையை ஆளுடைய நம்பிகள் மீட்டருளியபோது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடும் அப்பிள்ளை கரையேறிற்று. போர் விழுங்கிய ஊர் அங்ஙனம் மீளவில்லை. முட்புதரோடும் இடிந்த சுவரோடும் மீண்டது. அவ்வூர் பெறாத வளர்ச்சியைக் கடல் கடந்து சென்ற பிள்ளைகள் கல்வியாகப் பெற்றிருத்தலும் கூடும் என்று கருதுகின்றேம்.

இனி எம் குறையும் கூறுதும். எம் முன்னோர் நிலம் நொய்யற் கரையினது. சாயநீர் கிணற்றிற் புகுந்தபின் அதனை விற்று நகர் புகுந்தேம். பாசனத்திற்கென 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையத்து அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. 2011-இல் உயர்நீதிமன்றத்தார் சாயப்பட்டறைகளை மூடச் செய்யுமளவும் உழவரே வழக்காடினர். யாம் புராணம் சொல்லிக்கொண்டிருந்தேம். குண்டுக்கு அஞ்சி ஓடாத யாம் எம் ஊரைக் கைவிட்டதற்குப் பற்றறுதல் என்று பெயரிடலாமோ?

சின்னாட்கழித்து, அவ்விளைஞரிடம் எம் விடையைத் திரும்பப் பெறுவான் வேண்டி முகாமின் வாயிலை அடைந்தேம். அவர் இரவுப் பணிக்குச் சென்றிருந்தனர். அவர் தாயார் தேத்தண்ணீர் தந்து உபசரித்தனர். திருக்கேதீச்சரத்தில் 2022-இல் நிகழ்ந்த குடமுழுக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, "பாலாவியிலை இப்ப தண்ணி நிக்குதாமோ ஐயா?" என்று வினவினர். அத்தலத்துப் பதிகங்களுக்குப் பன்முறை பொருள் விரித்த எமக்கு அதற்கு விடை தெரிந்திலது.