சிரிப்புச் சம்மதம் ஆகுமா?

ஓவியச் சுவை அவரவர் உரிமை என்பர். ஒருவருக்குக் கடற்காட்சி பிடிக்கும். இன்னொருவருக்குக் கோயிற் சிற்பம் பிடிக்கும். வேறொருவருக்கோ, கிச்சுக்கிச்சு மூட்டப்பட்டுத் துள்ளிச் சிரிக்கும் மனிதரைத் தீட்டிய படங்களே பிடிக்கும். இதிற் பிறர் தலையிட என்ன இருக்கிறது? வரைந்த கோட்டுக்கு வலியில்லை. ஆகவே, தடை கேட்பது நம் நோக்கமன்று. ஆனால், தண்டிக்கத் தகாதது என்பதனாலேயே ஒன்று சிந்திக்கவும் தகாதது ஆகிவிடுமா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கையும் உள்ளம் உணர்ந்தே நகைக்கிறது. அக்குளைத் தீண்டும் விரலுக்கு அங்கே இடமில்லை. மெல்லிய தோலும் சிரிக்கும் இயல்பும் உடைய மனிதனுக்கே இக்கூச்சம் உரியது என்றார் அரிஸ்டாட்டில். எலிகளும் இவ்வாறு தீண்டப்படும்போது மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்புகின்றன என்று பிற்கால ஆய்வாளர் கண்டனர். நம்மை நாமே கூச வைக்க முடியாதது ஏன் என்பதை 1998இல் இலண்டன் ஆய்வாளர் விளக்கினர். நம் விரலின் அசைவைச் சிறுமூளை முன்னரே கணித்துவிடுகிறது. கணிக்க முடியாத பிறர் கையே நம்மைத் துள்ள வைக்கிறது. எனவே, இச்சிரிப்பு நாம் மனமுவந்து கொடுப்பதன்று. பிறர் கை நம்மிடமிருந்து பெறுவது.

அவ்வாறு பெறுவதெல்லாம் தீதா? அன்று. ‘நண்டூருது நரியூருது’ விளையாட்டை அறியாத தமிழ்க் குழந்தை உண்டா? உள்ளங்கையிற் பருப்புக் கடைந்து, சோறு பகிர்ந்து, பின் விரல்கள் நண்டாய் முழங்கை தாண்டி அக்குளுக்கு ஏறுகின்றன. குழந்தை கையை இழுத்துக்கொள்கிறது; உடனே, மறுபடியும் தானாகவே நீட்டுகிறது. அந்த நீட்டிய கையே சம்மதம், சிரிப்பன்று.

இன்னொரு படத்தை எண்ணுவோம். கைகால் கட்டுண்ட ஒருவர். சூழ நின்று விரல் நீட்டுவோர் சிலர். முகத்திலுள்ள சிரிப்பு முன்னைய படத்தின் சிரிப்பே. நீட்டவும் இழுத்துக்கொள்ளவும் உரிய கை மட்டும் அங்கே இல்லை. வயதுவந்த இருவர் மனமொத்து ஆடும் ஆட்டமாயின் நமக்கு வழக்கில்லை. ஆனால், அதைப் படம் சொல்வதில்லை, பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார். ஆட்டத்தின் மகிழ்ச்சியை இரசிக்கிறோமா, ஒருவரது இயலாமையை இரசிக்கிறோமா என்று தம்மைக் கேட்டுக்கொள்ளும் கடமை அவருக்கு உண்டு.

இது படத்தோடு முடியும் விடயமன்று. பிரித்தானியப் பேரரசு தன் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இன்றும் நிற்கும் இச்சீனன்குடாவில், வேலைத்தலங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நாம் காண்பது என்ன? மேலாளர் ஒருவர் தொழிலாளியின் பேச்சையோ சாதியையோ சுட்டிக் கேலி பேசுகிறார். தொழிலாளியும் சிரிக்கிறார். “அவனே சிரிக்கிறான், உமக்கென்ன?” என்று கேட்கின்றனர். நாட்கூலியை இழக்க அஞ்சும் வாய் வேறென்ன செய்யும்? அக்குளிற் பட்ட விரலைப் போலவே, வயிற்றிற் பட்ட அச்சமும் சிரிப்பை வரவழைக்கும்.

நகைச்சுவையே வேண்டாம் என்று முகத்தை இறுக்கிக்கொள்ளச் சொல்கிறோமா? இல்லை. 1960களிற் ‘சிரித்திரன்’ இதழைத் தொடங்கிய சுந்தர் என்னும் சிவஞானசுந்தரம் ஈழத்தவரைப் பல்லாண்டு சிரிக்க வைத்தார். அவருடைய மிஸிஸ் டாமோடிரன் படங்கள் போலி நாகரிகத்தைக் கிள்ளின. அங்கே கிள்ளப்பட்டது பகட்டு, கட்டுண்ட மனிதரன்று. பார்த்தவர் தம் வீட்டுப் பகட்டையும் அதிற் கண்டு சிரிக்கும் உரிமை பெற்றிருந்தனர்.

சுவை வானத்திலிருந்து விழுவதன்று; நாம் வாழும் உறவுகளே அதை வளர்க்கின்றன. மாணவருக்கு ஓவியத்தை இரசிக்கக் கற்பிக்கும்போது, சிரிக்கும் முகத்தோடு நின்றுவிடாமல், அம்மனிதரின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவும் கற்பிப்போம். வகுப்பறைக்கு வெளியே அவர்கள் காணப்போகும் சிரிப்புகளையும் அப்போதுதான் சரியாக மதிப்பிடுவர்.